தோலைக் கீறாமல் அதன் ஆழத்தை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோலில் ஒரு கீறல்கூட விழாமல், லேசரையும் அகச்சிவப்புக் கதிரையும் வைத்து, உள்ளே எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அளக்க முடியும். தோல் நோய் உள்ளவர்கள், அவர்கள் வீட்டார், இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றைக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

தோல் மெல்லியதுதானே, அதில் அளப்பதற்கு என்ன ஆழம் இருக்கிறது?

மெல்லியதுதான். ஆனால் அதற்குள் பல மாடிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்ட்ராட்டம் கார்னியம் என்ற இறந்த செல்களின் படலம். இனி இதை வெளிப்படலம் என்றே சொல்கிறேன். உடம்பின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான் வரைதான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அப்படியென்றால் உடம்புக்கும் வெளியுலகுக்கும் நடுவே நிற்கும் மதில், ஒரு முடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

அதற்குக் கீழே உயிருள்ள செல்கள் கொண்ட மேல்தோல், 50 முதல் 100 மைக்ரான். மெலனின் நிறமி பெரும்பாலும் இதன் அடிப்பகுதியில் இருக்கிறது. அதற்கும் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் உள்தோல். ரத்தக் குழாய்கள், நரம்புகள், கொலாஜன் நார்கள் எல்லாம் அங்கேதான்.

தோலின் ஈரத்தை மேலே தொட்டு அளக்கும் கருவிகள் இருக்கின்றனவே, அவை போதாதா?

சில வேலைகளுக்குப் போதும். தோல்மேல் வைத்தவுடன் ஈரப்பத எண் காட்டும் கருவிகள் மின் கொள்ளளவை வைத்து இயங்குபவை. மேலே உள்ள பல மைக்ரான்களைச் சேர்த்துக் கலக்கி ஒரே எண்ணாகக் கொடுத்துவிடும். ஆனால் தோலில் ஈரம் ஒரே மாதிரி பரவியிருப்பதில்லை. வெளிப்படலத்தின் மேற்பரப்பில் எடையில் 20 முதல் 30 சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். அதே படலத்தின் அடியில், உயிருள்ள செல்களைத் தொடும் இடத்தில், 60 முதல் 70 சதவீதம் வரை போய்விடும். இருபது மைக்ரானுக்குள் இத்தனை ஏற்றம்.

இந்த ஏற்றம் எப்படி இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் இப்போதுதான் க்ரீம் தடவியிருக்கிறார். மேல் இரண்டு மைக்ரானில் மட்டும் ஈரம். இன்னொருவருக்குப் படலம் முழுவதுமே நன்றாக நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. தொட்டு அளக்கும் கருவி இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைக் காட்டலாம். அதனால்தான், 'எவ்வளவு ஈரம்' என்று யாராவது சொன்னால், 'எந்த ஆழத்தில்' என்று உடனே கேட்டுவிடுவேன்.

ஒரு துண்டு வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாமே?

புற்றுநோய் சந்தேகம் இருந்தால் பயாப்ஸி எடுத்தே ஆக வேண்டும். அதற்கு மாற்று என்று இந்த முறைகளை யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் ஈரத்தை அளக்கப் பயாப்ஸி உதவாது. வெட்டிய நொடியிலிருந்து அந்தத் துண்டு காயத் தொடங்கிவிடும். பதப்படுத்தும் ரசாயனம் தண்ணீரையும் கொழுப்பையும் வெளியேற்றிவிடும். எதை அளக்க வெட்டினோமோ அது போய்விடுகிறது. அப்புறம், அதே இடத்தை நாளைக்கு மறுபடி அளக்கவும் முடியாது. மருந்து தடவுவதற்கு முன், ஒரு மணி நேரம் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று ஒரே இடத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் தோல் அப்படியே இருக்க வேண்டும்.

பசை நாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, ஒவ்வொரு அடுக்கையும் அகச்சிவப்பு நிறமாலைமானியில் பார்ப்பது இன்னொரு பழைய வழி. வெட்டு இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் உரித்த இடம் பலவீனமாகிவிடும், சிவந்துவிடும். கரப்பான், அதாவது எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ள குழந்தையின் கையில் இருபது முறை நாடா ஒட்டி உரிக்க எனக்கு மனம் வராது.

அகச்சிவப்பு என்றால் கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அதுவா?

அதே கதிர்தான். நம் தோல் எந்நேரமும் அகச்சிவப்பை வீசிக்கொண்டே இருக்கிறது. தோலின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ் என்றால், அந்தக் கதிர்வீச்சு சுமார் 9.5 மைக்ரான் அலைநீளத்தில் உச்சத்தில் இருக்கும். நெற்றித் தெர்மாமீட்டர் சும்மா இருக்கும் தோலை அளக்கிறது. ஆழத்தை அறிய வேண்டுமானால் தோலை மிக லேசாகச் சீண்டிவிட்டு, அது எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். சீண்டுவதற்கு லேசர், கவனிப்பதற்கு அகச்சிவப்பு உணர்வி.

வெப்பத்தை வைத்து ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு குறுகிய லேசர் துடிப்பு தோலில் விழுகிறது. எந்த ஆழத்தில் ஒளியை உறிஞ்சும் பொருள் இருக்கிறதோ அந்த ஆழம் சட்டென்று சூடாகிறது. மேல்தோலில் மெலனின், கீழே ரத்தக் குழாய். பிறகு அந்தச் சூடு மெல்ல மேற்பரப்புக்கு வருகிறது. மேற்பரப்பு சூடாகும்போது அகச்சிவப்பு அதிகமாகிறது. அது எப்போது அதிகமானது என்று பார்த்தால், சூடு எவ்வளவு ஆழத்திலிருந்து கிளம்பியது என்று தெரிந்துவிடும். அடி கனமான தோசைக்கல்லில் மேலே சூடேற நேரமாகும், மெல்லிய கல்லில் உடனே ஏறிவிடும் அல்லவா, அதே கணக்கு.

ஆனால் இங்கே ஒரு விதி உண்டு: நேரம் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். பத்து மைக்ரான் ஆழத்திலிருந்து சூடு மேலே வர ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி. நூறு மைக்ரானிலிருந்து வரப் பத்தில் ஒரு வினாடி. ஒரு மில்லிமீட்டரிலிருந்து என்றால் பத்து வினாடி. ஆழம் பத்து மடங்கு, காத்திருப்பு நூறு மடங்கு. அதோடு, ஆழத்திலிருந்து வரும் சூடு வழியெல்லாம் பரவிக் கலைந்து, அடையாளம் மங்கித்தான் மேலே வந்து சேர்கிறது.

இந்த முறைக்குத் துடிப்பு ஒளிவெப்பக் கதிர்வீச்சு அளவியல் என்று பெயர். கலிஃபோர்னியாவின் இர்வைனில் உள்ள பெக்மன் லேசர் நிறுவனத்தில் 1990களில் இதை ஒரு குறிப்பிட்ட நோய்க்காக வளர்த்தார்கள். பிறக்கும்போதே முகத்திலோ கழுத்திலோ ஒயின் நிறத்தில் வரும் தழும்பு போன்ற மறு அது. ஆயிரம் குழந்தைகளில் சுமார் மூன்று பேருக்கு இருக்கிறது. அங்கே உள்தோலின் நுண்குழாய்கள் விரிந்து கிடக்கும். அவற்றை லேசரால் மூடலாம். ஆனால் அதே லேசர் மேலே உள்ள மெலனினையும் சுடும். குழாய்கள் எந்த ஆழத்தில் இருக்கின்றன, மேலே மெலனின் எவ்வளவு என்று முன்பே தெரிந்தால், சிகிச்சை லேசரின் அளவை ஆளுக்கு ஆள் மாற்றித் தீர்மானிக்கலாம். ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் உள்ள யோஷெஃப் ஸ்டெஃபான் நிறுவனத்தில் இதே முறையை வைத்து ரத்தக்கட்டு நாளாக நாளாக எப்படி மாறுகிறது என்றும், பச்சை குத்திய மை எந்த ஆழத்தில் கிடக்கிறது என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஈரத்தையும் இப்படி வெப்பத்தை வைத்து அளக்க முடியுமா?

முடியும். லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் இம்ஹோஃபும் அவருடன் இருந்தவர்களும் வளர்த்த முறை ஒன்று உண்டு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'ஓட்டர்' என்பார்கள். 2.94 மைக்ரான் அலைநீளத்தில் எர்பியம் லேசர். தண்ணீர் மிக ஆவலோடு உறிஞ்சும் அலைநீளம் அது. சில மைக்ரான் ஆழத்துக்குள் ஒளியின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதனால் மேற்பரப்பு மட்டும் சூடாகிறது. பிறகு 13 மைக்ரானுக்கு அருகில் வரும் அகச்சிவப்பைக் கவனிக்கிறார்கள். அந்த அலைநீளத்தையும் தண்ணீர் உறிஞ்சும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தோலில் ஈரம் அதிகம் என்றால், உள்ளிருந்து கிளம்பும் கதிரை வழியிலுள்ள தண்ணீரே தடுத்துவிடும். உணர்விக்கு மேல்பரப்பு மட்டுமே தெரியும். மேல்பரப்பு வேகமாக ஆறிவிடுவதால் சமிக்ஞை சட்டென்று விழும். தோல் வறண்டிருந்தால் உணர்விக்கு இன்னும் ஆழம்வரை தெரியும். சூடு உள்ளே இறங்கினாலும் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், சமிக்ஞை மெதுவாக விழும். விழும் வேகத்தைப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடலாம். அந்த வளைவின் தொடக்கத்தில் மேலடுக்கும் வால்பகுதியில் கீழடுக்கும் பதிந்திருப்பதால் ஏற்ற இறக்கத்தையும் பிரித்தெடுக்கலாம். உணர்வியை மட்டும் திரவ நைட்ரஜன் ஊற்றி மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். இல்லாவிட்டால் உணர்வியின் சொந்தச் சூடே சமிக்ஞையை மூழ்கடித்துவிடும்.

சுடுமா?

அளவீட்டுக்குப் பயன்படும் துடிப்பில் தோல் சில டிகிரிதான் சூடாகிறது, அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தணிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதே எர்பியம் லேசரைப் பல மடங்கு வலுவாக்கினால் தோலைச் செதுக்கி எடுக்கும் அறுவைக் கருவி ஆகிவிடும். ஆகவே 'இது லேசர்தானே, ஆபத்தில்லை' என்றும் சொல்லக் கூடாது, 'ஐயோ லேசரா' என்று பயப்படவும் வேண்டாம். எவ்வளவு ஆற்றல் என்று கேளுங்கள்.

ராமன் முறை என்கிறார்களே, அது நம் சர் சி. வி. ராமனா?

அவரேதான். 1888இல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்தவர். 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்ட விளைவு. 1930இல் நோபல் பரிசு.

பொருளின் மீது ஒரே நிற ஒளி விழுந்தால் பெரும்பாலான ஒளித்துகள்கள் நிறம் மாறாமல் சிதறும். ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று மட்டும் மூலக்கூறின் அதிர்வோடு கொடுக்கல் வாங்கல் செய்துவிட்டு, நிறம் சற்றே மாறி வெளியே வரும். எவ்வளவு மாறியது என்பது அந்த மூலக்கூறின் கைரேகை. தண்ணீருக்கு ஒரு மாற்றம், புரதத்துக்கு வேறு, கொழுப்புக்கு வேறு, யூரியாவுக்கு வேறு.

இதோடு கன்ஃபோகல் அமைப்பைச் சேர்த்தால் ஆழம் கிடைக்கிறது. லென்ஸ் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து வரும் ஒளியை மட்டும் ஒரு மிகச் சிறிய துளை உள்ளே விடுகிறது. மேலே, கீழே இருந்து வருவது துளையில் மாட்டிக்கொள்கிறது. லென்ஸைச் சில மைக்ரான் சில மைக்ரானாக நகர்த்தினால், தோலுக்குள் படிப்படியாக இறங்கிக்கொண்டே ஒவ்வொரு படியிலும் நிறமாலை எடுக்கலாம். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் காஸ்பர்ஸ், புப்பல்ஸ் முதலானோர் 2001இல் உயிருள்ள மனிதத் தோலில் இதைச் செய்து காட்டினார்கள். சுமார் 5 மைக்ரான் வரை பிரித்தறிய முடிந்தது. கண்ணாடிச் சன்னலின் மேல் முன்கையை வைத்தால் போதும். லேசர் அடியிலிருந்து வரும்.

ஒரு சிக்கல் இருந்தது. ஆழம் போகப் போக சமிக்ஞை எப்படியும் குறைந்துகொண்டே போகும். தண்ணீரின் சிகரம் தாழ்ந்தால், தண்ணீர் குறைவா, சமிக்ஞை குறைவா என்று எப்படித் தெரியும்? அதற்குத் தண்ணீரின் சிகரத்தைப் பக்கத்திலேயே இருக்கும் புரதத்தின் சிகரத்தால் வகுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுபோலவே மங்குவதால் விகிதம் நிலைத்து நிற்கும். எளிய யோசனைதான், ஆனால் முறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

இதனால் புதிதாக என்ன தெரிந்தது?

முதலில் தடிமன். ஈரத்தின் வளைவு எங்கே சமனாகிறதோ அங்கே வெளிப்படலம் முடிகிறது என்று வைத்து, 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உடம்பின் பல இடங்களை அளந்தார்கள். கன்னத்தில் சுமார் 17 மைக்ரான், முன்கையில் 23, புறங்கையில் 29, உள்ளங்கையில் 173. ஒரே கையின் இரு பக்கங்களுக்குள் ஆறு மடங்கு வித்தியாசம்! முகத்தில் தடவிய மருந்து எரிகிறது, கையில் எரியவில்லை என்று சொல்பவர்களை நம்பாதவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

இரண்டாவது, குழந்தைகள். பச்சைக் குழந்தையின் வெளிப்படலம் பெரியவர்களுடையதைவிட மெல்லியது. தண்ணீரை வேகமாக வாங்கி வேகமாக இழக்கிறது. பிறந்து முதல் ஆண்டு முழுவதும் அது இன்னும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது என்பது 2008இல் வந்த ராமன் அளவீடுகளில் தெரிந்தது. குழந்தைக்கு ஊசி இல்லை, உரிப்பு இல்லை, கை சற்று நேரம் அசையாமல் இருந்தால் போதும். அது எவ்வளவு கஷ்டம் என்று குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது கரப்பான். தோலுக்கு ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் உண்டு. அது உடைந்து சிறு அமிலங்களாகி, வெளிப்படலத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அதை உருவாக்கும் மரபணுவில் பழுது இருப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருந்த குழுவினர் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், அப்படிப்பட்டவர்களின் தோலில் இந்த ஈரம் காக்கும் பொருள்கள் குறைவு என்பதை ராமன் கருவி நேராக, ஆழவாரியாகக் காட்டியது. 'சோப்பை மாற்றவில்லை, சாப்பாட்டில் கவனமில்லை' என்று பழி சுமந்த தாய்மார் எத்தனையோ பேர். பல பிள்ளைகளுக்குக் காரணம் அந்தப் படலத்தின் அமைப்பிலேயே இருந்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்தால் எண்ணெய் உள்ளே இறங்குமா?

பாதாம், சோயா, ஜோஜோபா எண்ணெய்களையும் பாரஃபினையும் தடவி லேசர் முறைகளால் பார்த்திருக்கிறார்கள். எல்லாமே வெளிப்படலத்தின் மேல் சில அடுக்குகளோடு நின்றுவிட்டன. உயிருள்ள செல்கள்வரை போகவில்லை. அதனால் பயனில்லை என்று ஆகாது. மேலே நின்றே தண்ணீர் வெளியேறுவதைத் தடுக்கும் வேலையை அவை செய்யலாம். 'எலும்புவரை இறங்கும்' என்ற விளம்பரம் மட்டும் பொய்.

நம்மைப் போன்ற மாநிறம், கருப்பு நிறத் தோலில் இவை சரியாக வேலை செய்யுமா?

எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஒளியை வைத்து அளக்கும் கருவிகள் வெள்ளைத் தோலில் மட்டும் சோதிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் கண்முன்னே இருக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது வெள்ளையரிடம் விடுவதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கொரோனா உச்சத்தில் இருந்த ஆண்டு அது.

மெலனின் ஒளியை உறிஞ்சுவது, அலைநீளம் கூடக் கூடக் குறைந்துகொண்டே போகும். ஆகவே பதில் அலைநீளத்தைப் பொறுத்தது. பச்சை, மஞ்சள் லேசரில் செய்யும் ஒளிவெப்ப முறையில் மெலனின் பெரிதாகக் குறுக்கிடும்; அங்கே மெலனினும் அளக்கப்படும் பொருள்களில் ஒன்று. 785 நானோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான்) ராமன் லேசரில் உறிஞ்சல் குறைவு, ஆனாலும் மெலனின் ஒளிர்ந்து பின்னணி இரைச்சலைக் கூட்டும். கருந்தோலில் அதே தரம் வேண்டுமானால் அதிக நேரம் அளக்க வேண்டியிருக்கும். அடுத்த கேள்வியில் வரும் ஓசிடி கருவியின் 1300 நானோமீட்டரில் இன்னும் குறைவு. 2.94 மைக்ரான் எர்பியம் லேசருக்கோ தோலின் நிறம் கிட்டத்தட்ட ஒரு பொருட்டே அல்ல, அங்கே எல்லாம் தண்ணீர்தான். நம் ஊருக்குக் கருவி வாங்குகிறவர்கள் விலைப் பட்டியலுக்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும், எந்த நிறத் தோலில் சோதித்தார்கள் என்றும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஓசிடி, கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் என்பவை வேறா?

வேறு. அவை படம் தருபவை. ஓசிடி என்பது திரும்பி வரும் ஒளியை வைத்து உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கும் கருவி. 1991இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் உருவான அதைக் கண் மருத்துவமனைகளில் பலர் பார்த்திருப்பீர்கள். தோலில் 1300 நானோமீட்டர் ஒளியோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை குறுக்குவெட்டுப் படம் எடுக்கும். கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் 200, 300 மைக்ரானோடு நின்றுவிடும், ஆனால் செல்களையே காட்டும்; சந்தேகமான மச்சங்களைப் பார்க்க உதவுகிறது. இரண்டும் வடிவத்தைச் சொல்லும். தண்ணீரா, கொழுப்பா, யூரியாவா என்று பொருளைச் சொல்ல ராமன் வேண்டும்.

இவை சொல்லும் ஆழத்தை எவ்வளவு நம்பலாம்?

வரைபடத்தில் கூர்மையாகத் தெரிவதைவிடக் கொஞ்சம் குறைவாக. ராமனில் லென்ஸ் 10 மைக்ரான் நகர்ந்தால் குவியமும் 10 மைக்ரான்தான் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. தோலுக்குள் ஒளி வளைவதால் உண்மையான ஆழம் மாறும், திருத்தம் செய்ய வேண்டும். திருத்தினார்களா என்று கட்டுரையில் எழுதியிருக்கிறார்களா பாருங்கள்.

வெப்ப முறையில் சிக்கல் பெரிது. ஆழத்திலிருந்து வெப்பம் எப்படி வரும் என்று முன்னோக்கிக் கணக்குப் போடுவது எளிது. வந்த வெப்பத்தைப் பார்த்து உள்ளே என்ன இருந்தது என்று பின்னோக்கிப் போடுவது கடினம். குளத்தில் கரைக்கு வந்த அலையைப் பார்த்து, கல் எங்கே விழுந்தது, எத்தனை கல் விழுந்தது என்று சொல்வது போல. சிறிதளவு இரைச்சல் இருந்தாலும் வெவ்வேறு விடைகள் ஒரே வளைவுக்குப் பொருந்திவிடும். அதனால் 'விடை எதிர்மறையாக இருக்காது', 'அதிகம் நெளியாது' என்ற நிபந்தனைகளைப் போட்டுத்தான் கணினி ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கிறது. ஆழம் கூடக் கூட அந்த விடை மங்கலாகிக்கொண்டே போகும். நேர்மையான வரைபடத்தில் கீழே போகப் போக, அளவு எவ்வளவு தவறலாம் என்று காட்டும் பிழைக்கோடுகள் நீண்டிருக்கும்.

ஊசி குத்தாமல் சர்க்கரையை இப்படி அளக்கலாமா?

இன்றைக்கு வீட்டில் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு இல்லை. குளுக்கோஸ் இருப்பது உள்தோலின் திரவத்தில், அளவும் மிகக் குறைவு. வெளிப்படலத்தையும் மெலனினையும் தாண்டிப் போய் அந்தச் சின்னக் குரலைக் கேட்க வேண்டும். ஆய்வகங்களில் ராமன் முறையில் முயற்சிகள் நடக்கின்றன, நம்பிக்கையும் இருக்கிறது. ஆனால் குத்தாமலே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை வைத்து இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து குளுக்கோமீட்டரை விடாதீர்கள்.

பியூட்டி பார்லரில் முகத்தை 'ஸ்கேன்' செய்து பார்ப்பது இதுதானா?

பெரும்பாலும் இல்லை. அது பல நிற விளக்குகளில் எடுத்த மேற்பரப்புப் புகைப்படம்.

கண்ணுக்கு ஆபத்து உண்டா?

தோலைவிடக் கண்ணுக்குத்தான் ஆபத்து. 785 நானோமீட்டர் ஒளி நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும், ஆனால் விழித்திரையில் போய்க் குவியும். தெரியாததால் இமையும் மூடாது. எர்பியம் லேசர் விழித்திரைவரை போகாது, கருவிழியைச் சுட்டுவிடும். அந்தந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி அணிய வேண்டும். ஒன்றுக்கு உள்ளது மற்றதற்கு உதவாது. கருவி முழுவதும் மூடியிருந்து, தோல் அதன்மேல் அமர்ந்தால்தான் ஒளி வரும் என்ற அமைப்பு இருந்தால் நல்லது.

ஆய்வுக்குக் கை கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படிப் போக வேண்டும்?

அளக்கப்போகும் இடத்தில் அன்று க்ரீம், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். அவர்கள் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். வெயிலில் நடந்து வந்து நேராகக் கையை நீட்டிவிடாதீர்கள். 20 முதல் 22 டிகிரி வைத்த அறையில் இருபது, முப்பது நிமிடம் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காரச் சொல்வார்கள். வேர்வை அடங்குவதற்காகத்தான். காப்பி வேண்டுமா என்று கேட்டால் அளந்து முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள், சூடான பானம் வேர்க்க வைத்துவிடும். அளக்கும்போது மூச்சு இயல்பாக விடுங்கள், கையை மட்டும் அசைக்காதீர்கள். நாம் அசையவில்லை என்று நினைக்கும்போதே நாடித் துடிப்பில் தோல் சில மைக்ரான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஒரே இடத்தில் பல முறை எடுப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் உங்கள் வளைவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.